தலையாட்டிச் சொக்கனும் கோரைப்புல் மாலையும்

ஏரிக்கரைக் காட்டில், முள் அடர்ந்த ஒரு கருவேல மரத்தின் மேல் சொக்கன் என்ற ஓணான் இருந்தது. யார் என்ன கேட்டாலும் தலையை மேலும் கீழும் ஆட்டும். ஓணானுக்குப் பிறவிப் பழக்கம் அது, என்ன செய்ய!

"உன் பூச்சியை நான் தின்னட்டுமா?" என்று ஒருநாள் காக்கை கேட்டது. அதற்கும் ஆட்டியது. அன்றைக்குச் சொக்கன் பட்டினி.

"பூம்பூம் மாடா அண்ணே நீ? ஒரு தடவையாவது மாட்டேன்னு சொல்லேன்!" என்று பக்கத்துக் கிளை அணில் மின்னி தலையில் அடித்துக்கொள்ளும். சொக்கன் அதற்கும் தலையாட்டும்.

மரத்தடியில் ஒரு கீரி சுற்றிக்கொண்டிருந்தது. ஓணான் கறி என்றால் அதற்கு உயிர். ஏறிப் பார்த்தது, முள் குத்தியது. மண்ணை வாரி மேலே இறைத்தது. தன் கண்ணிலேயே விழுந்தது. கடைசியில் நீளமான நாணல் தட்டை ஒன்றைக் கடித்து எடுத்தது. அதன் நுனியில் கோரைப்புல்லால் ஒரு சுருக்குப் போட்டது. மாலை மாதிரி தெரியட்டும் என்று ஓர் எருக்கம்பூவையும் செருகிக்கொண்டது, திருட்டுப் பயல்!

மதிய வெயில் இதமாக இருந்தது. எருக்கம்பஞ்சு காற்றில் மிதந்து மிதந்து போனது. சொக்கனுக்குக் கண் செருகியது. பஞ்சோடு பஞ்சாகத் தானும் வானத்தில் போவதுபோல் இருந்தது. "ஆகா, வானத்தில் போகிறேனே, என்ன சுகம்!" என்று வாய்விட்டு முனகியது.

கீழிருந்து தேனாக ஒரு குரல் வந்தது.

"மகாராஜா! மேகத்துக்கு மேலேயா போகிறீர்கள்?"

சொக்கன் தலையாட்டியது.

"அங்கே உங்களுக்குப் பட்டாபிஷேகம்! மாலை போடலாமா?"

தட்டை நுனியிலிருந்த சுருக்கு, சொக்கனின் மூக்குக்குக் கீழே வந்து நின்றது. அதற்கு மேல் கீரிக்கு எட்டவில்லை. ஆனால் சொக்கன் ஆட்டிய ஆட்டில் தலை தானாக உள்ளே நுழைந்தது. கண்வரை வந்துவிட்டது. இன்னும் ஓர் ஆட்டு ஆட்டினால் கழுத்து!

"அண்ணே, அது மாலை இல்லை, சுருக்கு! மாட்டேன்னு சொல்லு!" என்று மின்னி கத்தியது.

"அணிலுக்குப் பொறாமை, மகாராஜா! இன்னொரு தரம் தலையாட்டுங்கள், கிளம்பிவிடலாம்!" என்றது கீரி.

சொக்கனுக்குத் தூக்கம் கலைந்தது. கீழே கீரியின் பல் தெரிந்தது. பயத்தில் உடம்பெல்லாம் வெளிறிப்போனது. அப்போதும் பாருங்கள், தலை பழக்கப்படி கீழேதான் போகப் பார்த்தது! அதை இழுத்துப் பிடித்து, பிறந்ததிலிருந்து முதல்முறையாக இடமும் வலமுமாக ஆட்டியது.

"மாட்டேன்! மாட்டேன்!"

சுருக்கு நழுவியது. அதே நேரம் வெடுக்கென்று இழுத்த கீரி, முள்ளுக் குவியலில் மல்லாந்து விழுந்தது.

"பொழைச்சே அண்ணே! நான் உன் பக்கத்துல வந்து உட்காரட்டுமா?" என்று மின்னி நடுங்கிக்கொண்டே கேட்டது.

சொக்கன் யோசித்தது. நன்றாக யோசித்த பிறகுதான் தலையாட்டியது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவனைப் பிடிக்கத் தனியாகப் பொறி வேண்டாம், அவன் தலையே போதும்.