விக்டோரியா கடலில் இறங்கிய நாள்

வடக்கே உப்பளமும் தெற்கே மாதா கோவிலுமாக ஒடுங்கிக் கிடந்த ஒரு கடற்கரையில் அமலி என்றொரு மரவள்ளம் இருந்தாள். கயத்தானுக்குக் கல்யாணமான வருஷம் செய்த வள்ளம். அவன் மனைவி செபஸ்தியம்மாளும் அமலியும் ஒரே மாதத்தில்தான் அவனிடம் வந்து சேர்ந்தார்கள்.

கயத்தான் பேசாத மனிதன். வீட்டில் சோற்றுக்கு ஒரு வார்த்தை, படுக்கைக்கு ஒரு வார்த்தை. கோவில் வாசலில் யாராவது நலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டுவான். ஆனால் விடியற்காலையில் அமலிக்குள் இறங்கி, பலகை இடுக்குகளில் கசிந்து தேங்கிய தண்ணீரைப் பாதியாய் வெட்டிய எண்ணெய் டப்பாவால் கோரி ஊற்றத் தொடங்கினால் போதும், வாய் திறந்துவிடும். "என்ன பிள்ள, ராத்திரி நல்லாக் குடிச்சிட்டியா?" என்று ஆரம்பிப்பான். பிறகு மனைவியின் தம்பி பெர்க்மான்ஸின் வாய்க்கொழுப்பு வரும், செபஸ்தியம்மாளின் இருமல் வரும், முந்தின இரவு கண்ட கனவு வரும். டப்பா ஏறி இறங்குவதும் அவன் பேச்சும் ஒரே தாளத்தில் போகும்.

கசிவது ஒரு குறைதான், அமலிக்குத் தெரியும். ஆனாலும் எந்த இடுக்கும் முழுக்க அடைபட்டுவிடக் கூடாது என்று அவள் உள்ளுக்குள் ஆசைப்பட்டாள். கண்டவர்கள் அவளை ஓட்டை வள்ளம் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஊரில் எந்த வள்ளத்துக்கும் இல்லாத ஒன்று தன்னிடம் இருந்தது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அப்படியிருக்கையில் விக்டோரியா வந்து சேர்ந்தாள்.

அவள் மோட்டார் படகு, பைபரில் செய்தது. வேறு ஏதோ ஊரில், ஒரு வீட்டுக் கொல்லைப் புளியமரத்தடியில், வருஷக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடந்தவளைக் கயத்தான் வாங்கியிருந்தான். லாரியிலிருந்து இறக்கியபோது உடம்பெல்லாம் பறவை எச்சம், எஞ்சினுக்குள் எலிக்கூடு. இருந்தாலும் அந்த ஊர் அதுவரை மரவள்ளங்களைத்தான் கண்டிருந்தது. சனம் கூடி நின்று வாய்பார்த்தது. பெர்க்மான்ஸ் அவள் விலாவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கிழவிதான் மச்சான், ஆனா சீமைக் கிழவி" என்றான்.

அமலிக்குப் பக்கத்திலேயே மணலில் அவளை நிறுத்தினார்கள்.

விக்டோரியா அமலியை மேலும் கீழும் பார்த்தாள். "நீ பாய் விரித்துப் போகிறவளா? காற்று விழுந்துவிட்டால் என்ன செய்வாய்?"

"துடுப்பு இருக்கிறது. அவன் கை இருக்கிறது."

"எனக்கு யார் கையும் வேண்டியதில்லை."

"அதனால்தான் புளியமரத்தடியில் விட்டுவிட்டார்களோ" என்றாள் அமலி.



கயத்தான் தொழிலுக்குப் போய்வந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் விக்டோரியாவிடமே கிடந்தான். எச்சத்தைச் சுரண்டினான், துருவைத் தேய்த்தான், எலிக்கூட்டை எடுத்தெறிந்தான். நல்ல நீலமாகப் பெயின்ட் அடித்தான். மீந்ததை அமலிக்கு ஒரு கை பூசிவிடலாமே என்று செபஸ்தியம்மாள் சொன்னதற்குப் பார்ப்போம் என்றான். அப்புறம் பார்க்கவில்லை.

அமலி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். ஒன்றே ஒன்றுக்காக மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். அந்த நீலக்காரியிடம் அவன் பேசுகிறானா? பேசவில்லை. பெயின்ட் அடிக்கும்போதும் வாய் மூடியே இருந்தது. மறுநாள் விடியலில் டப்பாவோடு தன்னிடம் வந்து, "இடுப்பு விட்டுப்போச்சு பிள்ள" என்று ஆரம்பித்தபோது அமலிக்கு உயிர் வந்தது. பெயின்ட் அவளுக்குப் போகட்டும், பேச்சு எனக்கு இருக்கட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்குச் சுருக்கென்று இருந்தது.

படகை விற்றவர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். இந்தப் படகின் பின்புறம், அடியில், ஒரு துளை உண்டு. கரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிவதற்காக வைத்தது. கடலில் இறக்குமுன் அதை ரப்பர் தக்கையால் இறுக அடைத்துவிட வேண்டும். கயத்தான் சரியென்று தலையாட்டினான். கடைசியாக உள்ளே கழுவிவிட்ட அன்று தக்கையைப் பிடுங்கி, கைக்கு எட்டிய அமலியின் குறுக்குப் பலகைமேல் வைத்தான். வைத்ததோடு மறந்தும் போனான். பிறந்ததிலிருந்து மரவள்ளத்தில் போனவன் அவன். அவன் அறிந்தவரை தண்ணீர் தானாகக் கசியும், மனிதன் கையால் கோருவான். வேண்டுமென்றே துளை வைத்த படகு என்பது அவன் மனத்தில் ஒட்டவேயில்லை. ஊரில் மற்றவர்களும் அவனைப் போன்றவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் கடற்கரைக்கு வந்து விக்டோரியாவை மந்திரித்தார். தீர்த்தம் தெளித்தார். செபஸ்தியம்மாள் முகப்பில் மாலை கட்டினாள். வந்தவர்களுக்கெல்லாம் பூந்தி கொடுத்தார்கள். அமலி தன்னை இறக்கிய நாளை நினைத்துப் பார்த்தாள். அன்று ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அதையும் காற்று அணைத்துவிட்டது.

அப்போது அவள் மடியிலிருந்து சின்னக் குரல் கேட்டது. தக்கைதான் பேசியது.

"அமலியக்கா, என்னை விட்டுவிட்டு இறக்கப் போகிறார்கள்."

"போகட்டும்."

"கொஞ்சம் சாய்ந்து கொடுங்கள். அவர் காலடியில் விழுந்துவிடுகிறேன். பார்த்தால் ஞாபகம் வந்துவிடும்."

அமலி அசையாமல் கிடந்தாள்.

வடத்தைக் கட்டி எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். விக்டோரியா பனந்தடிகளின்மேல் முக்கி முனகிக் கொஞ்சம் நகர்ந்தாள். திடீரென்று அவள் முகப்பிலிருந்த துருப்பிடித்த வளையம் பிய்த்துக்கொண்டு வந்தது. இழுத்தவர்கள் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அமலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அந்தப் பாரத்தில் அவள் ஒருபக்கம் சாய, தக்கை உருண்டு விளிம்புவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்தால் போதும். கயத்தான் அங்கேதான் நின்றான்.

அமலி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். தக்கை திரும்ப அவள் மடிக்கே உருண்டது.

என்ன ஆகிவிடும் என்று அவள் நினைத்தாள். இறங்கியதுமே தண்ணீர் ஏறும். ஊர் சிரிக்கும். மறுபடி மணலில் இழுத்துப் போடுவார்கள். நாளை விடியலில் அவன் தன்னிடம் வந்து அந்தச் சீமைக் கிழவியைப் பற்றிக் கதைகதையாகச் சொல்வான். அவ்வளவுதானே.

வேறிடத்தில் வடத்தைக் கட்டி ஒருவழியாக இறக்கினார்கள். விக்டோரியா மிதந்தாள். கயத்தான் ஏறிச் சுக்கானைப் பிடிக்க, பெர்க்மான்ஸ் உள்ளே ஏறி எஞ்சின் கைப்பிடியைச் சுற்றினான். இருமியது. கறுப்பாய்ப் புகை கக்கியது. மறுபடி சுற்றியபோது உறுமிக்கொண்டு கிளம்பியது. கியர் விழுந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. படகு ஒரே தாவாகத் தாவ, பெர்க்மான்ஸ் பின்புறமாகக் கவிழ்ந்து கடலில் விழுந்தான். எழுந்து எச்சில் துப்பியவனைப் பார்த்து, "உனக்குத்தாம்ல இன்னைக்கு ஞானஸ்நானம்" என்று கரையிலிருந்து யாரோ சொன்னார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி அந்தப் படகில் ஏறுவதில்லை என்று கரையேறி, அமலிமேல் சாய்ந்து சட்டையைப் பிழிந்தான்.

கயத்தான் படகைத் திருப்பிக் கொண்டுவந்து, மனைவியை நோக்கிக் கை நீட்டினான். மந்திரித்த நாளில் வீட்டுப் பெண்ணை ஒரு சுற்று ஏற்றிவருவது வழக்கம். அமலியை இறக்கிய நாளில் மனைவி காய்ச்சலில் படுத்திருந்ததால் அது நடக்கவில்லை. தொழிலுக்குப் போகத் தொடங்கிய வள்ளத்தில் பிறகு பெண் ஏறுவதில்லை. செபஸ்தியம்மாள் பூசைக்கு உடுத்திய பட்டுச்சேலையோடு, வெட்கப்பட்டுக்கொண்டு, அவன் கையைப் பிடித்து ஏறினாள். அந்தக் கை நீண்ட விதத்தை அமலி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விக்டோரியா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனாள். அமலி காத்திருந்தாள். இப்போது திரும்புவாள், இதோ இப்போது. திரும்பவில்லை. நீலம் சின்னதாகிக்கொண்டே போனது.

"தண்ணீர் ஏறவில்லையா?" என்று அமலி கேட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"ஏறிக்கொண்டுதான் இருக்கும்" என்றது தக்கை. "அடிப்பலகைக்குக் கீழே நிறையும். ஓடுகிறவரை தெரியாது. நின்றால்தான் தெரியும். அந்த அம்மாவுக்கு நீச்சல் வராது என்று பேசிக்கொண்டார்களே, கேட்டீர்களா?"

எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது. தூரத்தில் விக்டோரியா முகத்தை நிமிர்த்திக்கொண்டு பின்னால் தாழ்ந்தாள். செபஸ்தியம்மாள் எழுந்து நின்று முந்தானையை வீசினாள்.

பெர்க்மான்ஸ் ரோஷத்தையெல்லாம் மறந்து அமலியைத் தள்ளினான். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து ஏறினார்கள். அமலி தன் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. கடவுளே, அவன் இருக்கட்டும், அந்த நீலக்காரி வேண்டுமானால் முழுகட்டும் என்று முதலில் வேண்டினாள். பாதி தூரத்தில், யாரும் முழுக வேண்டாம் என்று மாற்றிக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்தபோது விக்டோரியாவின் பின்புறம் தண்ணீர் மட்டத்துக்கு வந்திருந்தது. கயத்தான் மனைவியைத் தூக்கி அமலிக்குள் இறக்கினான். இரண்டு படகும் விலாவோடு விலா உரசி நின்றன.

"துளை திறந்திருப்பது உனக்கே தெரியாதா? இறங்கமாட்டேன் என்று மணலில் அடம்பிடித்திருக்கலாமே?" என்று அமலி கேட்டாள்.

"தெரியும்" என்றாள் விக்டோரியா. மூச்சு வாங்கியது அவளுக்கு. "குறை இருக்கிறது என்று காட்டினால் திரும்பவும் புளியமரத்தடிக்கே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். அதோடு நீ பார்த்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு விடியலிலும் அவன் உன்னிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தவள் நான். உன் முன்னால் ஓட்டையோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை."

பொறாமை தன் ஒருத்தியிடம்தான் இருந்தது என்று அமலி எண்ணியிருந்தாள்.

கயத்தான் அமலியின் விளிம்பைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். தக்கையைக் கண்டான். தலையில் அடித்துக்கொண்டான்.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றான். பிறகு அமலியின் பலகையை உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தான். "பாரு, மடியில பத்திரமா வச்சுக் காத்திருக்கா."

அந்தக் கை பட்ட இடம் அமலிக்குச் சுட்டது.

அவன் தக்கையைப் பல்லில் கடித்துக்கொண்டு முங்கினான். கைகளால் தடவித் துளையைக் கண்டு அடைத்தான். மேலே வந்து விக்டோரியாவுக்குள் ஏறி நின்று, அமலியிலிருந்து டப்பாவை எடுத்துத் தரச் சொன்னான். பெர்க்மான்ஸ் எடுத்து வீசினான். பிறகு வடம் கட்டி, அமலி முன்னால் இழுக்க, விக்டோரியா பின்னால் வந்தாள். கயத்தான் தண்ணீரைக் கோரத் தொடங்கினான்.

முதலில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அமலி காதைக் கொடுத்துக்கொண்டே போனாள். சத்தம் ஒரு தாளத்துக்கு வந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த தாளம்.

"என்ன பிள்ள" என்றான் கயத்தான், "மொத நாளே இம்புட்டா குடிப்ப?"

அமலி ஒரு அலையில் தடுமாறினாள்.

அவன் பேசிக்கொண்டே போனான். எஞ்சின் நின்றபோது மாதாவைக் கூப்பிட்டதைச் சொன்னான். செபஸ்தியம்மாள் தன் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டதைச் சொன்னான். நாளைக்கு எஞ்சினைப் பிரித்துத் துடைத்துப் போடுகிறேன், பயப்படாதே, உன்னை எங்கேயும் அனுப்பமாட்டேன் என்று சொன்னான்.

அமலியின் குறுக்குப் பலகையில் நனைந்த பட்டோடு உட்கார்ந்திருந்த செபஸ்தியம்மாள் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"இந்த மனுசனுக்கு இவ்வளவு பேச்சு வருமால?" என்று தம்பியைக் கேட்டாள். "இத்தன வருசமா எங்க வச்சிருந்தாரு?"

பெர்க்மான்ஸ் துடுப்பை நிறுத்தாமல் சிரித்தான். "விடியக்காலம் வந்து பாருக்கா. இந்த வள்ளத்தோடதான் அவரு குடும்பமே நடத்துறாரு."

செபஸ்தியம்மாள் அமலியின் விளிம்பில் உரிந்து தொங்கிய பழைய பெயின்டை நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கடலில் போட்டுக்கொண்டு வந்தாள். அமலி அதைத் தாங்கிக்கொண்டாள்.

கரை நெருங்கியபோது பின்னாலிருந்து விக்டோரியா மெல்லக் கூப்பிட்டாள். அவள் உடம்பு இப்போது லேசாகியிருந்தது, குரலும்தான்.

"அமலி, என்னிடம் யாரும் இதுவரை இப்படிப் பேசியதில்லை. உன்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்? அவன் என்மேல் வைத்த பிரியமா இது, இல்லை எங்கேயும் இப்படித்தானா?"

அமலி வடத்தை ஒருமுறை வெடுக்கென்று இழுத்தாள்.

"எந்தப் படகிலும் இப்படித்தான் பேசுவான்" என்றாள்.

விக்டோரியாவின் மனம் நோகவேண்டும் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அது பொய்யாக இல்லை.