இருபத்துநாலு பாட்டிலுக்கு ஒரு ஒயின் ஃப்ரிட்ஜ்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பூங்கோதை டீச்சர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை இருபது பேர் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதன் பிறகு கேள்வி கேட்கலாம். மனசு ஏன் அலைகிறது, செத்த பிறகு என்ன ஆகும் என்றெல்லாம் கேட்பார்கள். பாதிக் கேள்விக்கு டீச்சர் பதில் சொல்வார். மீதிக்கு, "தெரியலையே" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விடுவார்.

டீச்சருக்கு வயது நாற்பத்துமூன்று. அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறார். காவி கிடையாது, மாலை கிடையாது. அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சவரிராயன் எழுந்து நின்று கேட்டார்.

"டீச்சர், எந்த ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கலாம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். சவரிராயன் சிரிக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை.

சவரிராயனுக்கு அறுபத்துநாலு வயது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இப்படித் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். ஆறு வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல் வருகிறார். முதுகை நிமிர்த்தி அசையாமல் உட்காருவதில் அவரை மிஞ்ச அந்தக் கூடத்தில் ஆள் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சும்மா ஒயினா, விசேஷமான ஒயினா?" என்று டீச்சர் கேட்டார்.

"மகள் பிறந்த வருஷத்து ஒயின். இருபத்துநாலு பாட்டில். வச்சிருந்த ரூம்ல ஏசி நின்னுபோச்சு. கத்திரி வெயில் வேற. ரெண்டு மாடல் பாத்து வச்சிருக்கேன், எதுன்னு முடிவு பண்ண முடியலை. நீங்க பிசிக்ஸ் டீச்சர்."

"இடத்தைப் பாக்காம எப்படிச் சொல்றது?"

"வீட்டுக்கு வாங்களேன். சனிக்கிழமை. பதினொரு மணிக்கு."

நாளும் நேரமும் அவர் வாயில் தயாராக இருந்தன. டீச்சர் ஒரு விநாடி அவரைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அந்த இருபத்துநாலு பாட்டிலின் கதை அங்கே வருகிற எல்லாருக்கும் தெரியும். மதலேன் பிறந்தபோது சவரிராயனுக்கு பிரான்ஸில், ஒயினுக்குப் பேர்போன போர்தோ பக்கம் வேலை. பிள்ளை பிறந்த வருஷத்து ஒயினை வாங்கிப் படுக்கவைத்து, அதன் கல்யாண விருந்தில் திறக்கிற வழக்கம் அங்கே சில குடும்பங்களில் உண்டு. சவரிராயனும் வாங்கினார். மூன்று முறை மாற்றல் வந்தபோதும் பாட்டில்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போகாத குறை. கடைசியில் கப்பலில் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து, வீட்டிலேயே நல்ல அறையை அவற்றுக்குக் கொடுத்தார்.

மதலேன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸில் துலூஸ் நகரத்தில், நகராட்சி அலுவலகத்தில், இரண்டு சிநேகிதர்களைச் சாட்சிக்கு வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பஸ்கல் ஏற்கெனவே ஒரு முறை கல்யாணமாகி விவாகரத்து ஆனவன். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பயந்து முன்கூட்டிச் சொல்லவில்லை. முடிந்த பிறகு போனில் ஒரு போட்டோ அனுப்பினாள். விருந்து இல்லை, ஆளுக்கொரு சாண்ட்விச். சவரிராயன் போட்டோவைப் பார்த்தார். இனிமேல் அவள் இந்த வீட்டுக் கேட்டைத் தாண்டக் கூடாது என்றார். அதற்குப் பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மனைவி ரோசலி ஒரு தடவை டீச்சரிடம் சொன்னார். "அவருக்குச் சீக்கிரத்துல கோவம் வராது டீச்சர். வந்தா போகாது."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். சவரிராயன் கேட்டைத் திறந்து அவரை உள்ளே விட்டார். விட்டதும் மறுபடி கேட்டைச் சாத்தி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பகல்லயும் பூட்டுவீங்களா முசியே?" பிரெஞ்சுக்காரர்கள் அழைப்பதைப்போல டீச்சர் அவரைக் கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார்.

"இன்னிக்கு மட்டும்."

கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே சிமெண்டு போட்ட வெறும் முற்றம். பதினைந்து அடி இருக்கும். ஒரு செடி கிடையாது. அந்த வெயிலில் அதைத் தாண்டி உள்ளே போவதற்குள் டீச்சருக்கு மூச்சு வாங்கியது.

பாட்டில் அறை முன்கூடத்தை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மரச்சட்டத்தில் பாட்டில்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. சுற்றிலும் பிளாஸ்டிக் டப்புகளில் பனிக்கட்டி வைத்திருந்தார். ஒரு மேஜை விசிறி பனிக்கட்டியின்மேல் காற்றை அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் படுக்க வச்சிருக்கீங்க?"

"நிக்க வச்சா தக்கை காஞ்சிடும். காத்துப் புகுந்துடும்." அவர் இரண்டு படங்களை நீட்டினார். "இது இருபத்துநாலு பாட்டில் பிடிக்கும். கம்ப்ரஸர் கிடையாது, அதிர்வே இருக்காதுங்கறான். இது நாப்பத்தாறு பிடிக்கும். கம்ப்ரஸர். பூட்டு இருக்கு."

டீச்சர் படங்களைப் பொறுமையாகப் படித்தார்.

"கம்ப்ரஸர் இல்லாதது நம்ம ஊருக்கு ஆகாது. ரூமே முப்பத்தஞ்சு டிகிரில கொதிச்சா அதால பன்னெண்டுக்குக் கொண்டுவர முடியாது. கம்ப்ரஸர் உள்ளது வாங்குங்க. சுவத்துலேருந்து நாலு விரக்கடை தள்ளி வைங்க, சூடு வெளியே போகணும். ஸ்டெபிலைசர் போட்டுக்குங்க."

சவரிராயன் முகம் தெளிந்தது. ஆறு வருஷத்தில் டீச்சர் அவருக்கு இவ்வளவு நேராகப் பதில் சொன்னதே இல்லை.

"அப்ப நாப்பத்தாறா?"

"பாட்டில் எத்தனை?"

"இருபத்துநாலு."

"கூடுமா?"

"கூடாது. அந்த வருஷம் ஒண்ணுதானே."

"குறையுமா?"

சவரிராயன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

"ரோசலிம்மா எங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கா."

"யாரைக் கூட்டிட்டு வர?"

"ஈரப்பதம் எவ்வளவு இருக்கணும்னு கேட்கணும்னு நினைச்சேன்," என்றார் சவரிராயன்.

அப்போது வெளியே ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பெட்டி இறக்குகிற சத்தம் கேட்டது. ஆட்டோ போய்விட்டது. கேட் ஒரு தரம் குலுங்கியது. பிறகு பூட்டை யாரோ தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

"என்னங்க." ரோசலியின் குரல். "கேட்டைத் திறங்க."

சவரிராயன் முன்கூடத்துக்கு வந்து, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பாமல் கத்தினார். "டீச்சர் வந்திருக்காங்க. முக்கியமாப் பேசிட்டு இருக்கோம்."

டீச்சர் அவர் பின்னால் வந்து நின்றார். "என்னை ஃப்ரிட்ஜுக்குக் கூப்பிட்டீங்களா, கேட்டுக்குத் தடுப்பாக் கூப்பிட்டீங்களா?"

சவரிராயன் நாற்காலியில் உட்கார்ந்தார். முட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ரோசலி காலைல சொல்லிட்டுப் போனா டீச்சர். கேட் திறந்து இருக்கணுமாம். இல்லேன்னா மகளும் அவ புருஷனும் ஏர்போர்ட்டுக்குத் திரும்பிடுவாங்களாம். ரோசலிக்கும் சேத்து டிக்கெட் போட்டாச்சாம். மகளோடயே போய் இருந்துக்கறாளாம்."

"போகட்டுமா?"

"நான் யாரையும் போகச் சொல்லலை."

"சாவி?"

அவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "திறந்து விடுன்னு சொல்லப் போறீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. சர்ச் சாமியாரும் சொல்லிட்டாரு."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீங்க ஃப்ரிட்ஜ் பத்தித்தானே கேட்டீங்க."

சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்த சவரிராயனுக்கு எதிராளி கிடைக்கவில்லை. வெளியே ரோசலி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு பாட்டில் எடுங்க," என்றார் டீச்சர். "எதுல வைக்கப் போறீங்கன்னு பாத்தாச்சு. என்ன வைக்கப் போறீங்கன்னு பாக்க வேண்டாமா?"

அவர் எழுந்து போய், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தார். டீச்சர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இங்க இருட்டா இருக்கு."

சொல்லிவிட்டு வாசற்படி இறங்கி முற்றத்தில் நடந்தார். நேராகக் கேட்டருகே போய், குனிந்து, பாட்டிலைக் கொதிக்கிற சிமெண்டுத் தரையில் நிறுத்திவைத்தார். பிறகு மதில் ஓரமாக ஒரு முழ அகலம் இருந்த நிழலில் போய் ஒண்டிக்கொண்டார்.

"டீச்சர்!" சவரிராயன் வாசற்படிவரை ஓடி வந்து நின்றுவிட்டார். "டீச்சர், வெயிலு!"

"தெரியுது."

"வெயில்ல வைக்கக் கூடாது டீச்சர்!"

"பாத்துட்டு இருக்கேன் முசியே. அவசரப்படுத்தாதீங்க."

"எடுத்துடுங்க. தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

டீச்சர் எடுக்கவில்லை. சவரிராயன் படியைத் தாண்டவில்லை. தாண்டினால் கேட்டைப் பார்த்தாக வேண்டும். அவர் பாட்டிலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசியது.

கேட்டின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் நின்றார்கள். பஸ்கல் தன் முதுகுப் பையைக் கழற்றி ரோசலியின் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். மதலேன் கம்பியைப் பிடித்தாள், சுட்டதும் விட்டாள்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று டீச்சர் கேட்டார்.

"அஞ்சு நிமிஷம்கூட வேண்டாம்! உள்ள இருக்கறது சூடாகித் தக்கையைத் தள்ளும். உங்களுக்குப் புரியலை டீச்சர். இருபத்தொன்பது வருஷம். பிள்ளை பிறந்தப்ப வாங்கினது. ஆஸ்பத்திரிலேருந்து நேரா கடைக்குப் போனேன். ஒரு நாள்கூட வெயில் படவிட்டதில்ல. கெட்டா கெட்டதுதான், அப்புறம் எந்த ஃப்ரிட்ஜில வச்சாலும் திரும்பாது."

அவர் இதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ரோசலி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் புறங்கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பப்பா."

இரண்டு வருஷத்தில் சவரிராயன் கேட்காத குரல் அது. அவர் பார்வையைப் பாட்டிலைவிட்டு எடுக்கவில்லை.

"பப்பா, முதல்ல அதை உள்ள எடுத்து வைங்க. கெட்டுடும்." மதலேனின் உதடு காய்ந்து வார்த்தை சரியாக வரவில்லை. "சின்னதுலேருந்து இதைத்தானே சொல்லிக் குடுத்தீங்க. நாங்க நிக்கறோம், பரவால்ல. எடுங்க பப்பா. குலுக்காம எடுங்க."

சவரிராயன் செருப்புப் போடவில்லை. வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கி ஓடினார். தரை சுட்டது, அவர் நிற்கவில்லை. பாட்டிலை வாரி எடுத்து, வெயில் படாமல் குனிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மூக்கை வைத்துத் தக்கையை முகர்ந்து பார்த்தார். ஒழுகவில்லை.

நிமிர்ந்தபோது மகள் முகம் எதிரே இருந்தது. நெற்றி கன்றிச் சிவந்திருந்தது. கன்னத்தில் வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன. அவள் அவரைப் பார்க்கவில்லை, பாட்டிலுக்கு ஏதும் ஆகவில்லையே என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. பாட்டிலை இன்னும் இறுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"முசியே," என்றார் டீச்சர், நிழலில் இருந்தபடியே. "பாட்டிலுக்காகப் பதிமூணு அடி வந்துட்டீங்க. பூட்டுக்கு இன்னும் ரெண்டு அடிதான்."