மஞ்சள் காட்டில் வெள்ளை நூல்

நாச்சிமுத்து இருபது வருஷம் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர். கடையை மூடிவிட்டு, ஊர் மடத்தில் இருந்த வடிவாம்பாளிடம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு நாற்பது.

நாச்சிமுத்துவிடம் மிஞ்சியது ஒரு ஏக்கர் மஞ்சள் காடு. மூன்று வருஷமாகக் கிழங்கு அழுகிப் போனது. நான்காம் வருஷம் குரு சொன்னபடி தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் போட்டு, மேலே இலைதழை மூடினார். எரு போதாமல் ஒரு மூலை மட்டும் வெறுமனே நின்றது.

ஒரு நாள் காலையில் மடத்துக்கு ஓடி வந்தார்.

"காடு பூராவும் வெள்ளை நூலாட்டம் பூஞ்சை பிடிச்சிருச்சுங்கம்மா. இந்த வெள்ளாமையும் போனா காட்டை வித்துட வேண்டியதுதான். மருந்து கலக்கி வெச்சுட்டேன். ஊத்தட்டுங்களா?"

வடிவாம்பாள் அவருடன் நடந்தார். எரு விழாத மூலையில் ஒரு செடியைத் தோண்டச் சொன்னார். கிழங்கு கூழாகிக் கையோடு வந்தது. நாற்றம் தாங்கவில்லை.

"இப்போ இங்கே தோண்டுங்கண்ணா."

எருப் போட்ட இடத்தில் நாச்சிமுத்து தழையை விலக்கினார். மண்ணெல்லாம் வெள்ளை இழை ஓடியிருந்தது. கிழங்கை எடுத்து ஒடித்தார். 'படக்' என்றது. உள்ளே நல்ல மஞ்சள்.

நாச்சிமுத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அழுக வெச்சதும் பூஞ்சை, இதுவும் பூஞ்சைங்களா?"

"ஆமாங்கண்ணா."

"கெட்டதை மட்டும் கொல்ற மருந்து இருந்தாத் தேவலைங்க."

"கடை வெச்சிருந்தது நீங்க. இருந்துச்சா?"

நாச்சிமுத்து ஒடித்த கிழங்கைத் தழைமேல் வைத்தார்.

"இனி எல்லாக் கிழங்கும் தேறிருங்களா?"

"தெரியாது."

"அப்புறம் எதை நம்பி நான் சும்மா இருக்கறதுங்கம்மா?"

வடிவாம்பாள் விலகிக் கிடந்த தழையை எடுத்து மண்ணை மூடினார்.

"பஞ்சம் வந்தா ஊர்ல யாருங்கண்ணா மிஞ்சுவாங்க?"

"நல்ல சனமெல்லாம் ஊரை விட்டுப் போயிரும். திருடனுங்கதான் மிஞ்சுவானுங்க."

"உங்க கடை மருந்தையே குடிச்சு இந்த மண்ணு இருபது வருஷம் பட்டினி. இப்போதான் சோறு வெச்சிருக்கீங்க. போன சனம் திரும்பி வரட்டும்."