ராணி கொஞ்சுன பேரு

இதுல ஒரு சொல்லு பொய்னாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

கிரேக்க ராஜா லைகாஸ் அடுத்தவன் பொண்டாட்டியத் தூக்கிட்டு வந்து ராணியாக்கினான். அதுக்காக ஒம்பது வருஷமாச் சண்டை. அந்த ஊர்ல கொள்ளி வைக்கிறவன், செத்தவனக் கொன்னது யாருன்னு பேர் சொல்லிக் கூவணும். அரண்மனை கூட்டுற தெமோன் அன்னைக்கு, சண்டைல செத்த தம்பிக்குக் கொள்ளி வைக்க நின்னான்.

தன் பேரு வந்துருமோன்னு ராஜா அங்கயே வந்து மிரட்டினான்: "விதி கொன்னுச்சுன்னு கூவுடா. வேற பேரு வந்தா உன் தலை இருக்காது."

தெமோன் அப்படியே கூவினான்.

"எந்த விதிப்பா?"ன்னு தம்பி பொண்டாட்டி கேட்டா.

"கூட்டுறப்பக் காதுல விழுந்துச்சும்மா. ராணி நம்ம ராஜாவ 'என் விதியே, என் விதியே'ன்னுதான் கொஞ்சுது."

கூட்டம் மொத்தமும் ராஜாவத் திரும்பிப் பாத்துச்சு. சொன்னதத்தானே கூவினான், ராஜா என்னன்னு சொல்லித் தலைய எடுப்பான்? தெமோன் தப்பிச்சான். தம்பி எரிஞ்சு முடிஞ்சான்.

நீங்க உச்சுக் கொட்டுனா என் வயிறு ரொம்பாது. ஆளுக்கொரு படி நெல்லு எடுத்து வைங்க, ஓசில கேட்டவன் காது செவிடாப் போகும்.