இரண்டு திருகு

ஈரோட்டில் ஒரு டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பெயர் ரஞ்சிதம், வயது முப்பத்தெட்டு. மாதம் ஒருமுறை ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மலைப்பக்கம் கிளம்பிவிடுவார். எல்லோருக்கும் முன்னால் அவருடைய வண்டி போகும். அவர் இடது கையைத் தூக்கினால் பின்னால் வருகிற அத்தனை வண்டியும் நிற்கும்.

அவருக்கு ஒரு சீடர் இருந்தார். குருவைவிட ஒன்பது வயது மூத்தவர். பெருந்துறையில் போர்வெல் மோட்டார் கடை வைத்திருந்த நல்லசிவம். நான்கு வருடத்துக்கு முன்னால், பெரிய வண்டி வாங்கிய முதல் வாரமே ஜல்லியில் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்ததும் நேராக டீச்சரிடம் வந்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியலீங்க. கத்துக்குடுங்க."

"எங்கிட்ட வர்றவங்க எல்லாம் பொம்பளைங்க, அண்ணா."

"பரவால்லீங்க. பின்னாடி நின்னுக்கறேன்."

நின்றார். காலேஜ் பெண்களுக்கு நடுவில் எட்டுப் போட்டார். ஆறு மாதத்தில் தேறினார். அன்றிலிருந்து, எந்தப் பயணம் போனாலும் டீச்சர் வண்டிக்கு அடுத்த வண்டி அவருடையதுதான். நம்பகமான ஆளுக்குத்தான் அந்த இரண்டாம் இடம் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். நல்லசிவம் அதைப் பட்டா போட்ட நிலம் மாதிரி வைத்திருந்தார்.

பிறகு சாதிக் வந்தான்.

கோபிசெட்டிபாளையத்துக்காரன். ஸ்கூல் வேன் டிரைவர். வண்டி பழசு, கிளம்பும்போது இரண்டு முறை இருமிவிட்டுத்தான் கிளம்பும். குழுவில் ஏற்கெனவே இருந்த பெஞ்சமின் அவனுடைய சின்ன வயசுக் கூட்டாளி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் டீக்கடையில் டீ ஆறிப்போகும். சாதிக் பேச ஆரம்பித்தால் வடை போடுகிறவரும் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்பார். டீச்சர் சிரிப்பார். நல்லசிவம் நான்கு வருடத்தில் டீச்சரை ஒருமுறைகூட அப்படிச் சிரிக்கவைத்ததில்லை.

அந்த ஐப்பசியில் தாளவாடி வழியாகக் கூடலூர் போவதாக ஏற்பாடு. ஆறு வண்டிகள். பண்ணாரியில், மலை ஏறுவதற்கு முன்னால், டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"சாதிக், நீ இன்னிக்கு என் பின்னாடி வா."

திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவிலும் நல்லசிவத்தின் கண் சாதிக்கின் முதுகைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவன் அகலமாகப் போனான். பிரேக்கை அவசரமாகப் பிடித்தான். இவனுக்கா அந்த இடம்?

ஆசனூரில் நிறுத்தியபோது டீச்சரிடம் போனார்.

"டீச்சர், எம்மேல எதாவது தப்புங்களா?"

"இல்லீங்களே."

"அப்புறம் எதுக்குங்க எல்லாரும் அவனையே சுத்திச் சுத்தி நிக்கறீங்க?"

டீச்சர் தண்ணீர் பாட்டிலை மூடினார்.

தாளவாடியைத் தாண்டி மாதேவப்பா என்பவருடைய தோட்டத்தில் தங்கல். முட்டைக்கோஸ் வயல், ஓட்டு வீடு, முன்னால் கல் சுவர். குரங்கு விரட்டுவதற்காக அவர் ஒரு ஏர்கன் வைத்திருந்தார். நடுவில் மடக்கி, கடுகளவு ஈயக் குண்டை உள்ளே வைத்து, நிமிர்த்திச் சுடுகிற பழைய துப்பாக்கி. அதைப் பார்த்ததும் ஆறு பேருக்கும் வயது குறைந்துவிட்டது.

"திருவிழாக் கடையில மஞ்சக் குண்டு போட்டுச் சுடுவமே, பிளாஸ்டிக் துப்பாக்கி. எங்கக்கா காதுலயே சுட்டுப்புட்டேன்," என்றான் ஒருவன்.

"எங்க தெருவுக்கே ஒரே ஏர்கன்தாங்க," என்றான் சாதிக். "பெஞ்சமினோட மாமாது. எட்டுப் பசங்க வரிசையில நிப்போம். ஆளுக்கு ஒரு குண்டு. பெஞ்சமின் முறை வந்தது. வேப்ப மரத்துக் காக்காயைக் குறி வெச்சான். காக்கா பறக்கவே இல்ல. எதிர் வீட்டு மாடியில காயப்போட்டிருந்த தலைமை ஆசிரியர் வேட்டியில ஓட்டை. எட்டுப் பேரும் அன்னிக்கு ஓடுன ஓட்டம் இருக்கே, நான் மூணு நாள் வெளிய வரல. இவன் ஸ்கூலுக்குப் போயி, அவரு கட்டியிருந்த வேட்டியில அந்த ஓட்டையைத் தேடிட்டு உக்காந்திருந்திருக்கான்."

"இருந்துச்சுடா! கரைக்குப் பக்கத்துல!" என்று பெஞ்சமின் கத்தினான்.

டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நல்லசிவம் தொண்டையைச் செருமினார். "எங்கிட்டயும் இருந்துச்சு. எங்கப்பா கோயமுத்தூர்ல புதுசாவே வாங்கிக் குடுத்தாரு. மொட்டை மாடியில பத்து பாட்டில் வெச்சா பத்தும் உடையும்."

"கூட யாருங்ணா இருந்தாங்க?" என்று பெஞ்சமின் கேட்டான். சும்மாதான் கேட்டான்.

"யாரும் இல்ல. அது என்னுதாச்சே."

"ஓ," என்றான் பெஞ்சமின். பேச்சு மறுபடி வேட்டிக்குப் போய்விட்டது.

கல் சுவர்மேல் ஆறு காலி டின்களை அடுக்கினார்கள். ஆளுக்கு ஆறு குண்டு. முதலில் நல்லசிவம். ஆறு குண்டில் ஆறு டின் விழுந்தது.

"சூப்பருங்ணா," என்றார்கள்.

அடுத்து சாதிக். முதல் குண்டு முட்டைக்கோஸில் இறங்கியது. இரண்டாவது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதுக்கு மாதேவப்பாவின் சேவல் கூரைமேல் ஏறிக்கொண்டது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆறில் ஒன்று பட்டதும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

நல்லசிவம் சுவர்மேல் இருந்த டின்களைப் பார்த்தபடி நின்றார். ஆறு அடித்தவனை யாரும் தூக்கவில்லை. ஒன்று அடித்தவனைத் தூக்கினார்கள். நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி எரிந்தது.

காபி குடிக்க எல்லோரும் உள்ளே போனார்கள். துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தது. குறி பார்க்கிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதைத் திருப்பினால் குண்டு குறியைவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். இரண்டு திருகு.

ஆறில் ஒன்றுகூடப் படாமல் போகட்டும். அவ்வளவுதான் நினைத்தார்.

இரண்டாம் சுற்றில் சாதிக் முதலில் சுடுவதாக ஏற்பாடு. இந்த முறை நிதானமாக மூச்சைப் பிடித்துக் குறி வைத்தான். முதல் குண்டு இடது பக்கம் போனது. சிரிப்பு. இரண்டாவதும் இடது பக்கம். முன்னைவிடப் பெரிய சிரிப்பு. டீச்சர், "டேய், என்னால முடியலடா," என்று தூணைப் பிடித்துக்கொண்டார். நல்லசிவத்துக்கு இன்னும் எரிந்தது.

மூன்றாவது குண்டு இடது பக்கம் கிடந்த இரும்புக் கலப்பையில் பட்டுத் தெறித்தது. அந்தப் பக்கம் தள்ளி நின்று மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்த பெஞ்சமின் "அம்மா" என்று முகத்தைப் பொத்திக்கொண்டான்.

விரலுக்கிடையில் ரத்தம் வந்தது.

கையை விலக்கிப் பார்த்தார்கள். கன்னத்தில், கண்ணுக்கு அரை விரல்கடை கீழே, தோல் கிழிந்திருந்தது. மாதேவப்பா வெந்நீரும் பஞ்சும் கொண்டு ஓடிவந்தார். சாதிக் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றான்.

"ஒண்ணுமில்லடா, தோலுதான்," என்றான் பெஞ்சமின். சாதிக்குக்குக் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

டீச்சர் துப்பாக்கியை எடுத்தார். மடக்கிக் குண்டு வைத்து, நடு டின்னைக் குறி பார்த்து, ஒரே ஒரு முறை சுட்டார். குண்டு இடது பக்கம் போனது. அந்தத் திருகாணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துப்பாக்கியை மாதேவப்பாவிடம் கொடுத்துவிட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டீச்சருக்குத் தெரிந்துவிட்டது என்று நல்லசிவத்துக்குத் தெரிந்துவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் டீச்சர் தனியாக வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நல்லசிவம் பக்கத்தில் போய் நின்றார்.

"சாதிக்குக்குக் குறி பத்தாது போல இருக்குங்க டீச்சர்."

டீச்சர் சக்கரத்தைக் கையால் சுற்றினார்.

"நாளைக்கு நீங்க என் பின்னாடி வாங்ணா."

கேட்காமலே கிடைத்துவிட்டது. அன்று சாதிக் ராகிக் களியைத் தொடவில்லை. நல்லசிவமும் தொடவில்லை.

மறுநாள் காலையில் டீச்சரின் வண்டி, அடுத்து நல்லசிவம், கடைசியில் சாதிக். சாமராஜநகர் தாண்டி, குண்டல்பேட்டைக்கு முன்னால், இரு பக்கமும் செண்டுமல்லி வயல்கள். பழைய இடம், பழைய வேகம், டீச்சரின் பின்விளக்கு. எல்லாம் இருந்தது. வயலோரத்து டீக்கடையில் நிறுத்தினார்கள். ஆறு டீ வந்தது. ஆறு பேரும் குடித்தார்கள். டீக்கடை ரேடியோ மட்டும் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தது.

சாதிக் தள்ளி ஒரு கல்மேல் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க டீச்சர் இப்படி?" என்றார் நல்லசிவம் மெல்ல. "ஒருத்தரும் பேசமாட்டேங்கறாங்க."

"நீங்க எதாவது பேசுங்ளேன்."

நல்லசிவம் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்ச் சாதிக்குக்கு எதிரில் நின்றார்.

"தம்பி, உன் குறி தப்பல. குறி பாக்கற திருகாணியை நாந்தான் திருப்பி வெச்சேன். நீங்கெல்லாம் காபி குடிக்கப் போனப்ப."

சாதிக் நிமிர்ந்தான். "என்னங்ணா சொல்றீங்க?"

"ரெண்டு திருகு. ஒத்த ரூபாக் காசுல."

முதலில் அவன் முகம் தெளிந்தது. மூச்சை இழுத்து விட்டான். அப்புறம்தான் கோபம் வந்தது. எழுந்தான்.

"கண்ணை மூடுனா பெஞ்சமின் கண்ணுதாங்க வந்துச்சு, விடிய விடிய. இவன் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லுவேன்னு நெனச்சேன். இனி வேன்ல குழந்தைங்களை ஏத்தலாமா நானுன்னு நெனச்சேன். எதுக்குங்ணா? நான் என்ன பண்ணுனேன் உங்களுக்கு?"

நல்லசிவம் பொய் சொல்ல நினைத்தார். வரவில்லை.

"எல்லாரும் உன்னைத் தூக்குனாங்க. அது எனக்கு ஆகல."

பெஞ்சமின் கன்னத்துப் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சாதிக் வயலுக்குள் கொஞ்ச தூரம் நடந்து போய் நின்றான்.

நல்லசிவம் டீச்சரிடம் திரும்பினார். "நான் ஊருக்குத் திரும்பிடறேனுங்க."

"பெட்ரோல் இருக்குங்ளா?"

"இருக்குங்க."

"கூடலூர் வரைக்கும் பத்துமா?"

"பத்தும்."

"அப்ப வாங்க."

பந்திப்பூர்க் காட்டைத் தாண்டும்வரை நல்லசிவம் கடைசி வண்டியாக வந்தார். யாரும் சொல்லவில்லை, அவராக ஒதுங்கிக்கொண்டார். முன்னால் ஐந்து வண்டிகளின் முதுகும் தெரிந்தது. ஒன்றாவது தன்னைத் திரும்பிப் பார்க்குமா என்று பார்த்துக்கொண்டே வந்தார். பார்க்கவில்லை. மான்கள் பார்த்தன.

கூடலூரில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. பரிமாறிய மெஸ்காரர் பெஞ்சமினின் கன்னத்தைப் பார்த்து, "என்னாச்சு தம்பி, விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

பெஞ்சமின் சாதிக்கைப் பார்த்தான். சாதிக் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"விழலீங்க," என்றான். "ஒரு பெரிய மனுசன். போர்வெல் மோட்டாரு கடை. நாப்பத்தேழு வயசு. காலேஜ் போற பொண்ணு இருக்கு. அவருக்கு எம்மேல பொறாமை."

மெஸ்காரர் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார்.

சாதிக் எழுந்தே விட்டான். நல்லசிவம் எப்படி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்திருப்பார், எப்படிப் பையில் சில்லறையைத் துழாவியிருப்பார், எப்படி நாக்கைத் துருத்திக்கொண்டு திருகியிருப்பார் என்று நடித்துக் காட்டினான். அதில் அன்பு எதுவும் இல்லை. குத்துகிற மாதிரிதான் செய்தான். ஆனால் அவன் அந்தச் சேவலுக்கு வந்தபோது பெஞ்சமின் தாங்க முடியாமல், பிளாஸ்திரியை ஒரு கையால் அழுத்திக்கொண்டே சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். சாதிக்குக்கே கடைசியில் உதடு கோணியது.

"யாருங்க அந்த ஆளு?" என்றார் மெஸ்காரர்.

ஐந்து கைகள் நல்லசிவத்தைக் காட்டின.

நல்லசிவத்துக்குக் காது மடல்வரை சூடேறியது. பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். டீச்சர் வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தார்.

"டீச்சர், இதை இனி இவன் வேற எங்கயும் சொல்லுவானுங்ளா?"

"சொல்லுவான்."

"நாம நிறுத்தற கடையிலெல்லாம்?"

"ஆமாங்ணா."

"நான் பக்கத்துல உக்காந்திருக்கறப்பவே?"

டீச்சர் கையை உதறினார். உள்ளே யாரோ மறுபடி சேவல் மாதிரிக் கத்த, சிரிப்பு கிளம்பியது.

"உங்க பேரை விட்டுட்டு அவனால அந்தக் கதையைச் சொல்ல முடியாதுங்ணா."