தவசிக்கனி அண்ணாச்சி சுருட்டி அனுப்பிய நிழல்

இதை எனக்கு முதலில் சொன்னவள் அமலோற்பவம். போன அக்டோபரில், ஜெபமாலை முடிந்து கோயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் சொன்னாள். நின்று நின்று சிரித்ததில் பத்து நிமிஷ வழிக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அமலோற்பவம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். அந்த மைதானத்தில் வடகம் பிழிந்தால் மத்தியானத்துக்குள் டப்பாவில் போட்டுவிடலாம், அப்படி ஒரு வெயில். மொத்தத்துக்கும் ஒரே ஒரு புங்கமரம். மற்றபடி மரம் நடாமல் இல்லை. வருஷா வருஷம் சுதந்திர தினத்துக்கு வருகிற விருந்தாளி ஒரு கன்று நடுவார், போட்டோ எடுப்பார்கள், அதோடு சரி. தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. அடுத்த வருஷம், குழிதான் தயாராக இருக்கிறதே என்று, அதிலேயே அடுத்த விருந்தாளி நடுவார். இந்தப் புங்கமரம் பிழைத்ததே விழாவில் மிஞ்சிப்போன கன்று என்பதால்தான். அமலோற்பவம் அதைச் சமையல்கட்டு மூலையில் ஊன்றி, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றியே ஒன்பது வருஷமாக வளர்த்திருந்தாள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும். மூன்றாம் வகுப்பிலிருந்து வெயிலில்தான், சுடுகிற தட்டைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு.

மைதானத்தைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கூட்டம் போட்டார்கள். ஆபீஸ் அறையில் ஃபேன் ஓடவில்லை. அதனால் புங்கமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் தவசிக்கனி அண்ணாச்சி சிமெண்டுக் கடை வைத்திருப்பவர். மைதானம் முழுக்க சிமெண்டுக் கல் பதிக்க வேண்டும், சமையல்கட்டு மூலையில் ஒரு நீரூற்று வைக்க வேண்டும், அதற்காக அங்கே நிற்கிற மரத்தை எடுத்துவிட வேண்டும், இதுதான் அவருடைய திட்டம்.

டீ கொண்டுவந்த அமலோற்பவம் இதைக் கேட்டதும் அப்படியே நின்றாள். கூட்டத்தில் வாயைத் திறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மாதாவே, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு டீயை நீட்டினாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சண்முகவடிவு டீச்சர், மரம் போய்விட்டால் பிள்ளைகளுக்கு நிழல், என்று மெதுவாக இழுத்தார்.

"நிழல் விஷயத்தை என்கிட்ட விடுங்க டீச்சர்," என்றார் அண்ணாச்சி. "எங்க மாமனார் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மாத்தி அமைச்சதே நான்தான். வச்சது ஒரே ஒரு கன்னு."

அந்தக் கன்று திங்கட்கிழமை வைத்ததாம், வெள்ளிக்கிழமைக்குள் கூரைக்கு மேலே போய்விட்டதாம். அடர்த்தி தாங்காமல் காலை பத்து மணிக்கே கோழிகள் கூண்டுக்குள் போய் அடைந்துவிட்டனவாம். பிள்ளைகளும் சாயங்காலம் ஆகிவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, வாத்தியார்கள் வாசலில் கையை விரித்து நின்று மறித்தார்களாம்.

சைக்கிள் கடை இருளப்பனுக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு மகள் உண்டு. முகத்தில் சிரிப்பே இல்லாமல், குளிர்ச்சி எப்படி அண்ணாச்சி என்று கேட்டார்.

அதை ஏன் கேட்கிறீர்கள் என்று அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். சித்திரை மாசத்தில் வாத்தியார்கள் கம்பளி போர்த்திக்கொண்டு பாடம் நடத்தினார்களாம். கை நடுங்கிக் கோடு போட்டதில், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நேர்க்கோடு என்றால் என்னவென்றே தெரியாதாம். தட்டில் ஊற்றிய சாம்பார் கட்டியாகிவிட, அரிவாள்மனையில் நறுக்கித்தான் பரிமாறினார்களாம்.

மற்றதையெல்லாம் அமலோற்பவம் பொறுத்துக்கொண்டாள். சமைக்கிற கை இல்லையா, சாம்பாரை நறுக்கினதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காலி டம்ளரை எடுக்க வந்தவள் ஒன்றைக் கவனித்தாள். அண்ணாச்சியின் நாற்காலி முன்னே இருந்த இடத்தில் இல்லை. ஒரு முழம் கிழக்கே தள்ளி இருந்தது.

அண்ணாச்சியின் பேச்சு அதற்குள் பெஞ்சுக்குப் போய்விட்டது. மாமனார் ஊர்ப் பள்ளியில் அவர் போட்ட கல் பெஞ்சு அத்தனை சுகமாம். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தவர்தானாம். அவருக்குப் பதவி உயர்வு அந்த பெஞ்சுக்கே வந்தது, மகள் கல்யாணப் பத்திரிகையை அங்கிருந்தே கொடுத்தார், கடைசியில் ஓய்வு பெற்ற மாலையையும் அங்கேயே போட்டார்கள்.

"இவ்வளவு நிழலை அவங்க என்ன செஞ்சாங்க?" என்றார் இருளப்பன்.

"மிஞ்சினதைப் பாய் மாதிரிச் சுருட்டிப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ல ஏத்தி விட்டேன்."

"லக்கேஜ் போட்டிருப்பானே?"

"நிழலுக்கு ஏதுய்யா எடை? அதுல ஒரு நாய் படுத்திருக்கு, பார்க்காம அதையும் சேர்த்துச் சுருட்டிட்டோம். அதுக்குத்தான் கண்டக்டர் அரை டிக்கெட் போட்டான்."

டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சியோ ஒரே மூச்சில் திட்டத்துக்குத் திரும்பிவிட்டார். நாளைக்கே ஆள் அனுப்புகிறேன், தீர்மானத்தில் மரத்தை எடுத்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று நோட்டை டீச்சர் பக்கம் தள்ளினார். டீச்சர் பேனாவைத் திறந்தார்.

அமலோற்பவம் கையிலிருந்த காலி டம்ளரைக் கீழே வைத்தாள். குனிந்து தரையைப் பார்த்தாள். மண்ணில் நாற்காலிக் கால்கள் இழுபட்ட கோடு புங்கமரத்து மூட்டிலிருந்து கிழக்கே நீளமாகப் போயிருந்தது.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கதை சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்க நாலு தடவை நாற்காலியை நகர்த்திட்டீங்க. இந்த மரத்து நிழல் போற பக்கமெல்லாம் போய்க்கிட்டே இருக்கீங்க."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். டீச்சரின் பேனா நின்றுவிட்டது. அண்ணாச்சியும் பார்த்தார். ஆனால் அசரவில்லை.

"சரியாப் பாரு தாயி. நிழல் பின்னாடி நான் போகலை. நான் நாற்காலியை இழுத்தேன், நிழல்தான் என் பின்னாடி வந்துச்சு."

"அப்படியா அண்ணாச்சி? அப்போ நாளைக்குப் பன்னிரண்டரை மணிக்கு வந்துட்டுப் போங்க. மூணாம் வகுப்பு வெயில்ல உட்கார்ந்திருக்கும். அது பக்கமாக் கொஞ்சம் இழுத்து விடுங்க."

இருளப்பனுக்கு டீ புரையேறிவிட்டது. டீச்சர் சிரித்து முடித்து, மரம் அங்கேயே நிற்கும், வகுப்புக்கு ஒரு கன்றாகப் புதுக் குழியில் நட வேண்டும் என்று எழுதி, நோட்டை அண்ணாச்சியிடமே நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரும் கையெழுத்துப் போட்டார். போடும்போது நாற்காலி இன்னும் ஒரு முழம் நகர்ந்ததாம்.

அந்தப் புங்கமரத்தை நட்டதே தான்தான் என்று இப்போது கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லிவிட்டுப் போகட்டும், ஆண்டவருக்குத் தெரியாதா. நீங்கள் பிள்ளையைக் கூப்பிட அந்தப் பக்கம் போனால், பாட்டிலில் மிஞ்சின தண்ணீரைக் கீழே கொட்டாமல் மூன்றாம் வகுப்புக் கன்றுக்கு ஊற்றிவிட்டு வாருங்கள்.