இரண்டு லாரி, ஒரு கியர்பாக்ஸ்

சங்ககிரி லாரிப் பட்டறை ஒன்றில் அர்த்தநாரி என்று ஒரு மேஸ்திரி இருந்தார். எடைக்குப் போட வேண்டிய லாரியைக்கூட ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார் என்று பெயர். வயது நாற்பத்தொன்று. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள ஒரு சீடர் வந்து சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெயர் நாச்சிமுத்து. சீடருக்கு வயது அறுபத்து மூன்று.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தது மேஸ்திரி ஒருவர்தான்.

"படிப்பு முடிஞ்சதும் எந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போறீங்க?" என்று பட்டறைப் பெயிண்டர் நாள் தவறாமல் கேட்பார்.

"உன்ற வேலைக்குத்தான் போட்டி" என்பார் நாச்சிமுத்து. நாற்பது வருடம் லாரி ஓட்டியவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

அவர் வந்த காரணம் பட்டறைக்குப் பின்னால் நின்றது. இன்ஜின் முன்னால் மூக்கு மாதிரி நீண்டிருக்கும் இரண்டு பழைய மூக்கு லாரிகள். ஒரே மாடல், ஒரே பச்சை. பச்சை என்று அவருக்குத்தான் தெரியும். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் துரு. ஒன்று அவர் ஓட்டியது. இன்னொன்று அவருடைய அண்ணன் பொங்கியண்ணன் ஓட்டியது. இரண்டையும் கிரேன் வைத்து இழுத்து வந்து அங்கே நிறுத்தியிருந்தார்.

ஒரு நாள் காலை டீ குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாச்சிமுத்து கேட்டார்.

"மேஸ்திரி, எனக்கு வேலை வந்துருச்சுங்களா?"

"ஓரளவுக்கு வந்துருச்சு."

"அப்படின்னா சொல்லுங்க. ரெண்டுல எதை எடுக்கறது?"

"ரெண்டையும் எடுங்களேன்."

"சாமான் எங்கீங்க இருக்குது? இந்த மாடலுக்கு ஒரு போல்ட்டுகூடக் கிடைக்கறதில்லை. ஒண்ணைப் பிரிச்சாத்தான் இன்னொண்ணு எந்திரிக்கும்."

மேஸ்திரி எழுந்து பின்பக்கம் போனார். இரண்டு லாரிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அண்ணனின் லாரியில் எட்டிப் பார்த்தார். கியர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. அதன் மேல் யாரோ எப்போதோ போட்ட சாக்கு.

"இதுல கியர்பாக்ஸ் இல்லையே."

"இல்லீங்க."

"உங்க வண்டியில?"

"இருக்குதுங்க. நல்லா இருக்குது."

"அதை எறக்குங்க."

ஏன் என்று நாச்சிமுத்து கேட்கவில்லை. கேட்டாலும் அந்த மனிதர் வாயிலிருந்து பதில் வராது என்பது இரண்டு வருடத்தில் தெரிந்திருந்தது. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தார். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு டீசல் விட்டு, தட்டி, காத்திருந்து, திரும்பவும் தட்டி, கழற்றி முடிக்க மதியம் ஆகிவிட்டது. செயின் போட்டு இறக்கினார்கள். கியர்பாக்ஸை இரண்டு லாரிகளுக்கும் நடுவில் ஒரு பலகை மேல் வைக்கச் சொன்னார் மேஸ்திரி.

"இப்பச் சொல்லுங்க, எதுல மாட்டலாம்?"

"இப்ப ரெண்டுமே நகராதுங்களே, மேஸ்திரி."

"ஆமா. இப்பத்தான் ரெண்டும் சமமா நிக்குது."

நாச்சிமுத்து கியர்பாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணனின் லாரிக்குப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து, கிளீனர் உட்காருகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மேஸ்திரி வலது பக்கம் போய்ப் படியில் கால் வைத்தார்.

"அங்க வேண்டாங்க."

மேஸ்திரி காலை எடுத்துவிட்டார்.

"அது அண்ணன் சீட்டு."

மேஸ்திரி கதவை மூடிவிட்டுத் தரையில் நின்றார். கைகளை ஜன்னல் மேல் வைத்துக்கொண்டார்.

"இந்தச் சீட்டுல ஆறு வருஷம் உக்காந்திருக்கேனுங்க. அண்ணனுக்குக் கிளீனர் நான்தான். அவருதான் ஸ்டியரிங் புடிக்கச் சொல்லிக் குடுத்தாரு. எனக்கு லைசென்ஸ் வந்ததும் இதே மாதிரி ஒண்ணைத் தேடி வாங்கிக் குடுத்தாரு."

"ம்."

"மலைப்பாதையில எறங்கறப்பப் பாட்டுப் பாடுவாரு. கேக்க முடியாது, அப்படி ஒரு குரல். 'டேய் நாச்சி, தூங்குனீன்னா இன்னொரு பாட்டுப் பாடுவேன்'னு மெரட்டுவாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அப்பா இல்லை, அம்மா இல்லை, மாமன்மார் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். ஊரில் எல்லோரும் அவரை 'வாங்க, போங்க' என்றார்கள். அவரை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஏங்கிப்போயிருந்தார்.

"இந்த கியர்பாக்ஸ் எந்த வண்டியோடது?" என்று மேஸ்திரி கேட்டார்.

நாச்சிமுத்து ஓட்டை மேல் கிடந்த சாக்கை ஒதுக்கினார்.

"இந்த வண்டியோடதுங்க" என்றார்.

"நீங்க கழட்டுனீங்களா?"

"ஆமாங்க. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அண்ணன் மஞ்சக்காமாலையில படுத்துட்டாரு. ஒரு மாசம் வண்டி நின்னுச்சு. எனக்குக் கல்கத்தாவுக்கு ஜவ்வரிசி லோடு. லோடு ஏத்தி நிக்குது, என்ற கியர்பாக்ஸ் பல்லு போயிருச்சு. நிக்கற வண்டிதானேன்னு கழட்டி என்ற வண்டியில மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்."

"சொல்லலையா?"

"போய்ப் பாத்தேனுங்க. தூங்கிட்டு இருந்தாரு. எழுப்ப மனசு வரலை. திரும்பி வந்து மாட்டிரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவருக்கு ஒடம்பு தேறிருச்சு. குளிச்சு, விபூதி வெச்சு, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சுட்டு ஏறி உக்காந்திருக்காரு. கியரைப் புடிக்கக் கையை நீட்டியிருக்காரு. அங்க ஒண்ணுமில்லை. கிளீனர் பையன், லோடுமேன், அண்ணி, அத்தனை பேரும் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

"அப்பறம்?"

"நான் வந்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. 'கேட்டிருந்தா நானே வந்து ஸ்பேனர் புடிச்சிருப்பேன்டா'ன்னு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. அடுத்த வாரம் வண்டியை அப்படியே விட்டுட்டு, குடும்பத்தோட ஊரை விட்டே போயிட்டாரு. அம்மா காரியத்துல ரெண்டு பேரும் ஒரே பந்தல்ல நின்னோம். என்னைப் பாத்தாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

தோளில் கிடந்த எண்ணெய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது.

மேஸ்திரி அதைப் பார்க்காத மாதிரி வண்டியின் மூக்கைத் தட்டிப் பார்த்தார்.

"உங்க வண்டியை எடுத்தா என்ன ஆகும்?"

"இவரு வண்டியை இன்னொரு தடவை பிரிக்கணும். அது என்னால ஆகாதுங்க."

"அப்படின்னா இதை எடுங்க. தீர்ந்துச்சு."

"எடுக்கலாமுங்க. இதே பச்சையில பெயிண்ட் அடிச்சு, ஆரன் மாட்டி, அவரு வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்தி, சாவியைக் கையில குடுக்கணும். ரெண்டு வருஷமா இதே நெனப்புதானுங்க. அதுக்குத்தான் இந்த வயசுல உங்ககிட்ட ஸ்பேனர் புடிக்கறேன்."

"பின்ன என்ன தயக்கம்?"

நாச்சிமுத்து காலடியில் கிடந்த சாக்கைப் பார்த்தார்.

"இதுல கை வெக்கப் போனா அண்ணன் மொகம் வந்து நிக்குதுங்க. அன்னைக்கும் அவரைக் கேக்காமத்தான் கை வெச்சேன். இன்னைக்கும்..."

சாக்கை எடுத்து மறுபடியும் ஓட்டை மேல் போட்டார்.

மேஸ்திரி அவசரப்படவில்லை. முன்பக்கம் போய், கையில் சோப்புத்தூள் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு வாளித் தண்ணீரையும் எடுத்து வந்து இடது பக்கக் கதவுக்குக் கீழே வைத்தார்.

"உங்கண்ணன் இப்ப எங்க இருக்காரு, நாச்சிண்ணா?"

"ஆத்தூர்லீங்க. மக வீட்டுல."

"வயசு?"

"எனக்கு அஞ்சு மூத்தவரு. அறுபத்தெட்டு."

"ஒடம்பு?"

"சரியில்லைன்னுதான் பேசிக்கறாங்க."

"எப்பப் போய்ப் பாக்கறதா இருக்கீங்க?"

"வண்டி ரெடியானதும் போலாம்னுதானுங்க. வெறுங்கையோட எப்படீங்க அவரு மொகத்துல முழிக்கறது?"

மேஸ்திரி லாரியை நிதானமாகப் பார்த்தார். உளுத்துப்போன கதவைப் பார்த்தார். மரம் எதுவும் மிஞ்சாத பாடியைப் பார்த்தார். வேலை எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுகிறவர் பார்க்கிற பார்வைதான் அது.

"எறங்கிக் கையைக் கழுவுங்க" என்றார். "இந்த வண்டி ரோட்டுக்கு வர எட்டு மாசம் ஆகும். ஆத்தூருக்கு பஸ்ஸுல போனா மூணு மணி நேரம்."